அப்பாவின் ஓய்வுக்காலப் பணம் பிள்ளைகள் கைக்கு வரும்போது: எதற்கு வரி, எதற்கு இல்லை

அப்பா விட்டுப்போன பணத்துக்கு வரி உண்டா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அவர் இறந்த தேதியை. தொகையை அப்புறம்தான் கேட்பேன். அந்தத் தேதியை ஒரு வரப்பு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் விளைந்த வட்டியும் பென்ஷனும் அவருடைய வருமானம். அந்தக் கணக்கு அவருடைய பான் எண்ணிலேயே முடிய வேண்டும். இந்தப் பக்கம் விளைகிற வட்டி உங்கள் வருமானம். வரப்பைத் தாண்டி உங்கள் கைக்கு வருகிற அசல் தொகை, வாரிசாக வந்த சொத்து. அதற்கு நம் நாட்டில் வருமான வரி கிடையாது.

கும்பகோணம் அஞ்சல் கோட்டத்தில் சேமிப்புக் கணக்குக் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது பாபநாசத்தில் இருக்கிறேன். காரியம் முடிந்த கையோடு பாஸ்புக்குகளை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, "அக்கா, இதில் பாதியை கவர்மெண்ட் எடுத்துக்குமாமே" என்று பயந்து வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றால், ஒருகாலத்தில் உண்மையிலேயே அப்படி ஒரு வரி இருந்தது. 1953இல் வந்த எஸ்டேட் டியூட்டி, இறந்தவரின் சொத்து மீது போடப்பட்டது. 1985 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இறந்த யாருடைய சொத்துக்கும் வாரிசு வரி இல்லை. உயில் மூலம் வந்தாலும் உயில் இல்லாமல் வந்தாலும், கையில் வரும் தொகை எவ்வளவு பெரியதானாலும், அது உங்கள் வருமானத்தில் சேராது.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பழைய பிரிவு எண்களெல்லாம் மாறுகின்றன. அதனால் எண்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வேலையில் இருக்கும்போதே இறந்தவர் என்றால்

பி.எஃப். பணம்தான் இங்கே பெரியது. அந்தத் தொகைக்குப் பிள்ளைகள் வரி கட்ட வேண்டியதில்லை. ஐந்து வருடம் முடிவதற்குள் எடுத்தால் வரி பிடிப்பார்கள் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது இடையில் வேலையை விட்டுவிட்டு எடுப்பவர்களுக்கான விதி. ஊழியரின் கையில் இல்லாத காரணத்தால் வேலை முடிந்தால் அந்த விதி பொருந்தாது. மரணம் அப்படிப்பட்ட காரணம்.

வரியை விடப் பெரிய சிக்கல், பணம் யாருக்குப் போகும் என்பது. நாமினி பதிவு செய்யாத பி.எஃப். கணக்கில், குடும்பத்தாருக்குச் சமபங்கு என்று 1952ஆம் ஆண்டின் திட்டம் சொல்கிறது. ஆனால் அதே பத்தியில் ஒரு விலக்கு இருக்கிறது. மேஜரான மகனுக்கும், கணவர் உயிரோடு இருக்கிற மணமான மகளுக்கும், குடும்பத்தில் வேறு உரிமையாளர் ஒருவர் இருந்தாலே பங்கு கிடையாது. அப்படி இருக்கிற வேறு உரிமையாளர் அம்மா மட்டும்தான் என்றால் முழுதும் அம்மாவுக்கு. அம்மா இல்லை, கல்யாணம் ஆகாத ஒரு தங்கை இருக்கிறாள் என்றால் முழுதும் அவளுக்கு. இருப்பவர்கள் எல்லோருமே மேஜரான மகன்களும் மணமான மகள்களும்தான் என்றால், அப்போது அவர்களுக்குள் சமபங்கு. தாலுகா ஆபீஸில் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் நாலு பேர் பெயர் இருக்கிறதே, ஏன் ஒருத்தருக்கு மட்டும் கொடுத்தார்கள் என்று அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளை எனக்குத் தெரியும். விதி அப்படி இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தச் சண்டை வந்திருக்காது.

இன்னொன்று. கல்யாணத்துக்கு முன்னால், குடும்பம் இல்லாத காலத்தில், அண்ணனையோ நண்பரையோ நாமினியாகப் போட்டிருந்தால், கல்யாணம் ஆன கணமே அது செல்லாது. உங்கள் வீட்டில் வேலையில் இருக்கிறவர் யாராக இருந்தாலும், பி.எஃப். இணையதளத்தில் யு.ஏ.என். என்கிற அவருடைய பி.எஃப். அடையாள எண்ணைக் கொண்டு உள்ளே போய் நாமினியை இன்றைக்கே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

பி.எஃப். தொகைக்குப் படிவம் 20. கூடவே படிவம் 5ஐஎஃப்பையும் கொடுக்க வேண்டும். அது பி.எஃப்.போடு சேர்ந்த காப்பீட்டுக்கானது. வேலையில் இருந்தபோது இறந்தவரின் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை வரும், அதற்கும் வரி இல்லை. தனியாகப் பிரீமியம் எதுவும் சம்பளத்தில் பிடித்திருக்க மாட்டார்கள் என்பதால், இப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. பென்ஷனுக்குப் படிவம் 10டி. பிள்ளைகளுக்கான பென்ஷன் 25 வயது வரைதான். நிரந்தர மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும்.

பி.எஃப். பணத்தைக் கோராமல் போட்டு வைக்காதீர்கள். வேலை முடிந்த பிறகு அந்தக் கணக்கில் ஏறும் வட்டிக்கு வரி உண்டு என்பதுதான் வரித் தீர்ப்பாயம் எடுத்த நிலை.

கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்கு வருவோம். ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மரணத்துக்குப் பொருந்தாது. தனியார் நிறுவனத்தில் 20 லட்சம் ரூபாய் வரை வரி விலக்கு. அரசு ஊழியர் என்றால் முழுதும் விலக்கு. எடுக்காத விடுப்புக்கான சம்பளத்தை வாரிசுகளுக்குக் கொடுத்தால் அதற்கும் வரி இல்லை. நிர்வாகம் இரக்கப்பட்டுக் குடும்பத்துக்குக் கொடுக்கிற மொத்தத் தொகைக்கும் அப்படியே. ஆயுள் காப்பீட்டின் இறப்புத் தொகையும் வரிக்கு வெளியே.

என்.பி.எஸ். என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கணக்கு வைத்திருந்த தனியார் ஊழியர் அல்லது சுயதொழில் செய்தவர் இறந்தால், நாமினிக்கு மொத்தத் தொகையும் கொடுப்பார்கள். அது நாமினியின் வருமானமாகக் கருதப்படாது என்று சட்டமே சொல்கிறது. அந்தப் பணத்தில் மாதாமாதம் பென்ஷன் வாங்கிக்கொள்கிறேன் என்று நாமினி தேர்ந்தெடுத்தால், வருகிற பென்ஷனுக்கு வரி உண்டு.

தபால் நிலையத்தில் போட்டு வைத்த பணம்

இது எனக்கு நெருக்கமான இடம், கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு திட்டமும் மரணத்துக்குப் பிறகு ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துத் தள்ளிப்போட்டால் நஷ்டம் பிள்ளைகளுக்கு.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அப்பா 15 லட்சம் போட்டிருந்தார் என்று வையுங்கள். வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய். ஆடி மாதத்தில், ஆகஸ்ட் 12ஆம் தேதி தவறிவிட்டார். சம்பா விதைப்பு வேலையில் யாரும் தபால் நிலையத்துக்குப் போகவில்லை. அக்டோபர் முதல் தேதி வழக்கம்போல 30,750 ரூபாய் கணக்கில் விழுகிறது. வட்டிதான் வருகிறதே, மெதுவாக மூடலாம் என்று தோன்றும். தோன்றினாலும் அப்படிச் செய்யாதீர்கள். இறந்த தேதியிலிருந்து அந்தக் கணக்குக்குச் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டியான 4 சதவீதம்தான். கணக்கை மூடும்போது, கூடுதலாகப் போன வட்டியைக் கணக்கிட்டு முதலில் கழித்துக்கொள்வார்கள். ஒரு வருடம் தள்ளிப்போட்டால் 15 லட்சத்துக்கு 63,000 ரூபாய் கைநழுவும். அப்பாவின் கணக்கில் அம்மா கூட்டுதாரராகவோ ஒரே நாமினியாகவோ இருந்து, அவருக்கும் தகுதி இருந்தால், கணக்கை அவர் தொடரலாம். பிள்ளைகளால் தொடர முடியாது.

வரிக்கு இதே கணக்கை எடுத்துக்கொண்டால், ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 12 வரைக்குமான வட்டி அப்பாவின் வருமானம். ஆகஸ்ட் 13 முதல் மூடும் நாள் வரையிலான 4 சதவீத வட்டி, வாங்கிக்கொள்கிறவர்களின் வருமானம். முதலுக்கு வரி இல்லை. இந்தத் திட்டத்தில் போட்ட பணத்துக்கு அப்பா, வரி கணக்கிடும் பழைய, புதிய முறைகளில் பழைய முறையில் வரிச்சலுகை வாங்கியிருப்பார். ஐந்து வருடத்துக்குள் கணக்கை முடித்தால் அந்தச் சலுகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. டெபாசிட் போட்டவர் இறந்து, நாமினியோ வாரிசோ வாங்கும்போது அந்த விதி இல்லை. ஐந்து வருட டைம் டெபாசிட்டுக்கும் இப்படித்தான். தெரியாத சிலர் இந்த முதலைத் தங்கள் வருமானத்தில் காட்டி வரி கட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்கும்போது மனசு கஷ்டப்படுகிறது, அப்பா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது.

பி.பி.எஃப். என்கிற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இதைவிடப் பிள்ளைகளுக்கு அனுகூலமானது. பணம் கொடுக்கும் மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி வரை அந்தத் திட்டத்தின் வட்டியே கிடைக்கும், அந்த வட்டிக்கும் வரி இல்லை. ஆனால் அப்பாவின் கணக்கில் பிள்ளை தொடர்ந்து பணம் போட முடியாது, மூடித்தான் ஆக வேண்டும். மாத வருமானத் திட்டத்தில், திருப்பிக் கொடுக்கும் மாதத்துக்கு முந்தைய மாதம் வரை திட்ட வட்டி உண்டு. அதற்கு வரியும் உண்டு.

அலமாரியின் அடித்தட்டில் 1987ஆம் வருடத்து தேசிய சேமிப்புத் திட்டத்தின் பழைய பாஸ்புக் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். 2024 அக்டோபர் 1 முதல் அதற்கு வட்டியே கிடையாது, ஆகவே வைத்திருந்து பயனில்லை. வாரிசு வாங்கும் தொகைக்கு வரியும் இல்லை. உடனே போய் வாங்கிவிடுங்கள்.

நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழ், பாஸ்புக், நாமினியின் ஆதார், பான், கோரிக்கைப் படிவம், இரண்டு சாட்சி போதும். வாரிசுச் சான்றிதழ் கேட்டு அலையவிட்டால், நாமினி இருக்கிறாரே என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். நாமினி இல்லாமல் 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கணக்கு என்றால், இறந்து ஆறு மாதம் கழித்து, உறுதிமொழிப் பத்திரம், மற்ற வாரிசுகளின் விட்டுக்கொடுப்புக் கடிதம் இவற்றோடு நீதிமன்றம் போகாமலே வாங்கலாம். அதற்கு மேல் என்றால் நீதிமன்றத்தின் வாரிசுரிமைச் சான்று தேவைப்படும்.

நம் பக்கத்தில் இனிஷியல் ஒரு தொல்லை. பாஸ்புக்கில் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, இறப்புச் சான்றிதழில் ஊர்ப் பெயரோடு. இறப்பைப் பதியும்போதே ஆதாரில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். அப்போது அப்படி எழுதாமல் விட்டுப்போயிருந்தால், எல்லாப் பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்று நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கி, எல்லா இடத்துக்கும் அதன் நகலைக் கொடுங்கள். இறப்புச் சான்றிதழின் நகல்களைத் தாராளமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப பென்ஷன்

அப்பாவின் பென்ஷனில் வங்கி வரி பிடித்திருக்கும். அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வரத் தொடங்கியதும் பிடித்தம் நின்றுவிடும். வரியே இல்லை என்று அர்த்தம் இல்லை. குடும்ப பென்ஷன் சம்பளமாகக் கருதப்படாமல், இதர வருமானம் என்ற தலைப்பில் போவதால்தான் பிடிப்பதில்லை. வரி உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஒரு நிர்ணயத் தொகை, எது குறைவோ அதைக் கழித்துக்கொள்ளலாம். அந்த நிர்ணயத் தொகை பழைய முறையில் 15,000 ரூபாய், புதிய முறையில் 25,000 ரூபாய்.

பெரிய பிள்ளைகளுக்கு இது பொதுவாக வராது. ஆனால் எங்கள் அஞ்சல் துறை மாதிரி மத்திய அரசுப் பணியில் இருந்தவரின் மகள் மணமாகாதவர், கணவரை இழந்தவர், விவாகரத்து ஆனவர் என்றால், வருமான வரம்புக்கு உட்பட்டு 25 வயதுக்கு மேலும் கிடைக்கும். அப்போது அது அந்த மகளின் வருமானம். அனுமதி தாமதமாகி நிலுவை மொத்தமாக ஒரே வருடத்தில் வந்தால், அந்தந்த வருடத்துக்குப் பிரித்துக் கணக்கிட்டு வரி நிவாரணம் கேட்கலாம். ரிட்டர்ன், அதாவது வருமான வரிக் கணக்கு, போடுவதற்கு முன்பே அதற்கான படிவத்தை இணையத்தில் கொடுத்துவிட வேண்டும்.

அப்பாவின் கடைசி ரிட்டர்ன்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். போனவருக்கு எதற்கு ரிட்டர்ன் என்று. அந்த வருடத்தின் ஏப்ரல் 1 முதல் இறந்த நாள் வரை அவருக்கு வந்த பென்ஷன், வட்டி எல்லாவற்றுக்கும் ஒரு ரிட்டர்ன் போட வேண்டியிருக்கும், அதைப் போட வேண்டியவர் சட்டபூர்வ வாரிசு. நாலு மாதமே வாழ்ந்தார் என்பதற்காக வரி விலக்கு வரம்பை நாலு மாதத்துக்குச் சுருக்க மாட்டார்கள். முழு வருட வரம்பும் அவருக்கு உண்டு. 2025-26ஆம் நிதியாண்டுக்குப் புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை, 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடியால் வரி வராது. ஆகவே பெரும்பாலான வீடுகளில் கட்ட எதுவும் இருக்காது; பென்ஷனிலும் டெபாசிட்டிலும் ஏற்கெனவே பிடித்த வரிதான் திரும்ப வரும். வேண்டாம் என்று விட்டால் அந்தப் பணம் போனதுதான்.

வருமான வரித்துறை இணையதளத்தில் உங்கள் பான் எண்ணில் நுழைந்து, இறந்தவரின் பிரதிநிதியாகப் பதிவு கேட்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், அவர் பான், உங்கள் பான், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு ஈ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை முடிந்து வரும். முதல் வேலையாக அதற்கு எழுதிப் போடுங்கள், மற்றதெல்லாம் அதற்காகக் காத்துக்கிடக்கும். அவர் பழைய வருடங்களில் கட்டாமல் விட்ட வரி ஏதாவது இருந்தால், அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு. உங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து எடுக்க முடியாது.

வங்கிகளுக்கு உடனே தகவல் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இறந்த பிறகு ஏறும் வட்டியும், அதில் பிடிக்கும் வரியும் அவர் பான் எண்ணிலேயே போய் விழும், பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரிய பாடு.

பங்கு பிரிக்கும்போது

நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை உள்ளவர். வங்கி டெபாசிட்டில் நாமினி என்பதாலேயே ஒருவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. உயில் எழுதாமல் போன இந்து ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. அவருடைய தாய் உயிரோடிருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பாட்டியை மறந்துவிட்டுப் பாகம் பிரிக்கிற வீடுகள் நிறைய. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அவரவர் வாரிசுச் சட்டம்.

மூத்த மகள் நாமினியாக வாங்கித் தம்பிக்கும் அம்மாவுக்கும் பிரித்துக் கொடுத்தால், கொடுத்தவருக்கும் வாங்கியவர்களுக்கும் வரி இல்லை. தன் பங்கே வேண்டாம், அம்மாவுக்கே இருக்கட்டும் என்று மகள் விட்டுக்கொடுத்தாலும் வரி இல்லை; அதிலிருந்து வரும் வட்டி அம்மாவின் வருமானம். ரொக்கமாகக் கை மாற்றாமல் வங்கி வழியாக அனுப்பி, யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல லட்சம் ஒரே நாளில் கணக்கில் விழுந்தால் பின்னாளில் நோட்டீஸ் வரலாம், அப்போது அந்தத் தாளும் இறப்புச் சான்றிதழும் பதில் சொல்லும். உங்கள் பங்கை மைனர் பிள்ளை பெயரில் போட்டால் வட்டி, பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் வருமானத்தோடு பொதுவாகச் சேரும்.

பிள்ளை வெளிநாட்டில் இருந்தால்

திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் ஏராளம். அவர்களுடைய பங்கு, வெளிநாட்டில் வசிப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. என்ற ரூபாய்க் கணக்கில் வரவு வைக்கப்படும். அங்கிருந்து, வாரிசாக வந்ததற்கான ஆவணமும் ஆடிட்டர் சான்றும் கொடுத்து, ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம். அந்தக் கணக்கின் வட்டிக்கு 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிப்பார்கள். சிங்கப்பூரில் எஸ்டேட் டியூட்டி 2008 பிப்ரவரியோடு முடிந்தது, மலேசியாவில் 1991இலேயே எடுத்துவிட்டார்கள். அமெரிக்கக் குடிமகனான மகன் இங்கிருந்து ஒரு வருடத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் வாரிசாகப் பெற்றால், வரி இல்லை என்றாலும் 3520 என்ற படிவத்தில் தெரிவித்தாக வேண்டும். விட்டால் அபராதம் பெரியது.

எதிர்த்திசையிலும் நடக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்த்து அங்கேயே இறந்த பெற்றோரின் ஐ.ஆர்.ஏ. என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு பெரிய பிள்ளைகளுக்கு வரும்போது, நம் ஊர் வழக்கத்தை வைத்து யோசிக்கக் கூடாது. அங்கே சாதாரண ஐ.ஆர்.ஏ.வில் போட்டபோது வரி கட்டாத பணம் அது. எடுக்கும் ஒவ்வொரு டாலரும் எடுக்கிறவரின் வருமானம். 2020 முதல் இறந்தவர்கள் விஷயத்தில், பெரும்பாலான பெரிய பிள்ளைகள் பத்தாவது வருட முடிவுக்குள் கணக்கைக் காலி செய்தாக வேண்டும். அமெரிக்கவாசி அல்லாத பிள்ளைக்குக் கொடுக்கும்போது பொதுவாக 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். முதல் டாலரை எடுப்பதற்கு முன்பே, இரண்டு நாட்டு வரி ஒப்பந்தமும் தெரிந்த ஆடிட்டரைப் பாருங்கள்.

அப்பாவின் பான் அட்டையை ஒப்படைப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ரிட்டர்ன் போட்டு, திரும்ப வர வேண்டிய வரி வாரிசின் கணக்குக்கு வந்து, எல்லா டெபாசிட்டும் மூடிய பிறகு, இறப்புச் சான்றிதழ் நகலோடு அவர் பான் எந்த வரி அதிகாரியின் வட்டத்தில் இருக்கிறதோ அவருக்கு ஒரு கடிதம் எழுதி ஒப்படைத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.